பொன் தேடி வந்த அயர்லாந்துக்காரர்



திருவனந்தபுரத்திற்குத் தெற்கே விழிஞ்ஞம் என்றொரு கடற்கரை ஊர் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆய் மன்னர்களின் துறைமுகமாய் இருந்த ஊர் அது. பாண்டியரும் பின்னர்ச் சோழரும் அதன்மேல் படையெடுத்ததைச் செப்பேடுகளும் பரணி நூலும் கூறும். இன்றும் அங்கே பாறையைக் குடைந்து செய்த சிறு கோயில் ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் சிவபெருமான் உருவங்கள் பாதி செதுக்கிய நிலையிலேயே நிற்கின்றன. உளியைக் கீழே வைத்துவிட்டுப் போன சிற்பி யார், ஏன் போனான் என்பதைச் சொல்வார் இல்லை. அந்தப் பழைய துறைக்கு அருகில்தான் 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் புதிய பெருந்துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவருக்கு வேண்டிய பாறைகளில் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டுக் கல்குவாரிகளிலிருந்து லாரிகளில் வந்தது.

அந்தத் துறைமுகத்தைக் காணச் சென்ற நாம், திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு முதியவர். நம் தமிழைக் கேட்டதும், "ஐயாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். நாமும் அவர் ஊரைக் கேட்டோம். கோலார் தங்கவயல், மாரிகுப்பம் என்றார். தந்தையாரும் பாட்டனாரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். தாமும் அங்கேயே இருந்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வயது முப்பத்தாறு. அதன்பின் பெங்களூரில் ஒரு கட்டடத்தில் பதினான்கு ஆண்டு இரவுக் காவல். இப்போது மின்கம்பி வேலைக்காக விழிஞ்ஞம் வந்திருக்கும் மகனோடு இருக்கிறார். பெங்களூரில் எங்கே காவல் என்று கேட்டோம். "லாவெல் ரோடு" என்றார்.

நாம் வியப்படைந்தோம். "அந்த லாவெல் யார் தெரியுமா?" என்றோம். "யாரோ வெள்ளைக்காரத் துரை, ஐயா" என்றார் அவர். அவரிடம் அன்று நாம் சொன்ன கதையைத்தான், சற்று விரித்து, இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறோம்.

மைக்கேல் பிட்ஜெரால்டு லாவெல் என்பது அவருடைய முழுப்பெயர். அயர்லாந்துக்காரர், பட்டாளத்துச் சிப்பாய். அயர்லாந்து அந்நாளில் எப்படிப்பட்ட நாடாக இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டது. அதிலிருந்து 1852 வரை நாட்டையே பஞ்சம் வாட்டியது. ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறினர். அப்படிப் போனவர்களுக்கு இருந்த வழிகள் சிலவே: அமெரிக்காவில் கூலிவேலை, ஆஸ்திரேலியாவில் பொன்வயல், அல்லது ஆங்கிலேயர் பட்டாளத்தில் சிவப்புச் சட்டை. தங்களை ஆண்டவர்களின் படையிலேயே சேர்ந்து தங்களைப் போன்ற பிற மக்களை அடக்கப் போவது கொடுமைதான். ஆனால் பசித்தவன் சட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

லாவெல் சேர்ந்த பட்டாளம் நியூசிலாந்தில் மாவோரி மக்களுடன் நடந்த போரில் ஈடுபட்டது. 1860களில் அந்நாட்டில் போரும் பொன்வேட்டையும் ஒருங்கே நடந்தன. 1861இல் ஒட்டாகோவில் பொன் கண்டதும் மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். வடதீவில் கோரமண்டல் என்ற பகுதியிலும் பொன் கிடைத்தது. இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழர் செவி நிமிர வேண்டும். 1820இல் அங்கே போன ஓர் ஆங்கிலக் கப்பலின் பெயர் கோரமண்டல். அக்கப்பலுக்கு அப்பெயர் வந்தது நம் சோழமண்டலக் கரையினால். சோழன் பெயர் இப்படித் திரிந்து, கடல் கடந்து, பொன் விளையும் குன்றொன்றில் போய் ஒட்டிக்கொண்டது! கோலார் தங்கவயலிலும் கோரமண்டல் என்று ஒரு பகுதி உண்டு. பெயர்களும் பிழைப்புத் தேடிப் புறப்படும் போலும்.

போர் ஓய்ந்தபின், 1871ஆம் ஆண்டில் லாவெல் பெங்களூர்க் கண்டோன்மென்டில் வந்து குடியமர்ந்தார். ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்குத் தோட்டமும் திண்ணையும் பழங்கதையும் போதும் என்பார்கள். இவருக்கு அது போதவில்லை. நியூசிலாந்தில் பற்றிய பொன்னாசை உள்ளே கனன்றுகொண்டிருந்தது. கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டினார். 1804ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கட்டுரை அவர் கையில் அகப்பட்டது. நான்கே பக்கம். அந்த நான்கு பக்கம்தான் பிற்காலத்தில் ஒரு நகரத்தையே உண்டாக்கியது.

அக்கட்டுரையை எழுதியவர் ஜான் வாரன் என்ற படை அதிகாரி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்க அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். 1802இல் கோலார்ச் சீமையில் எல்லை அளந்துகொண்டிருந்தபோது, உரிகம், மாரிகுப்பம் பக்கத்து மண்ணில் பொன் இருப்பதாக ஊரார் சொல்லக் கேட்டார். காட்டுவோருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். மக்கள் வண்டி வண்டியாய் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே அலசிக் காட்டினர். பொன் துகள் மின்னியது. மாரிகுப்பத்தில் ஆண்கள் சிறு குழிகளில் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடை கூடையாய்க் கைமாற்றிக் கொடுக்க, பெண்கள் அதை இடித்துத் தூளாக்கி நீரில் அலசினர். ஆகவே, கோலார்ப் பொன்னைக் கண்டுபிடித்தவர் வாரனும் அல்லர், லாவெலும் அல்லர். வாரன் கேட்டறிந்தார், லாவெல் படித்தறிந்தார். பழங்காலந்தொட்டே தெரிந்துவைத்திருந்தவர்கள் அந்தக் குழிகளில் இறங்கிய ஏழைகள்.

இந்த வாரனைப் பற்றி இன்னொரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிற்காலத்தில் இவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் பொறுப்பு வகித்தார். நம் நாட்டுக் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்து 'கால சங்கலித' என்ற பெருநூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், எழுதுகோல் தொடாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் நேரில் கண்டு எழுதிவைத்தார். 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு அறிஞர்கள் தமிழர் வானியலை ஆராய்ந்தபோது அந்தக் குறிப்பு அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. மாரிகுப்பத்துக் குழியில் இறங்கியவர்களிடமும் புதுச்சேரித் திண்ணையில் சோழி பரப்பியவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வெள்ளை அதிகாரிக்குப் பொறுமை இருந்தது. அதனால் நமக்குச் சில செய்திகள் மிஞ்சின.

லாவெல் கதைக்குத் திரும்புவோம். கட்டுரையைப் படித்த கையோடு அவர் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு புறப்பட்டார். பெங்களூரிலிருந்து கோலார்ச் சீமைக்கு அறுபது மைல், அதாவது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கே பழைய குழிகளையும் கல்மேடுகளையும் சுற்றிப் பார்த்தார். பொன் இருப்பதற்கான அடையாளங்களைக் கண்டார். 1873இல் அரசாங்கத்திற்கு விண்ணப்பம் எழுதினார். அந்நாளில் மைசூரில் பெயருக்கு அரசர் உண்டு, ஆட்சி நடத்தியது ஆங்கிலேயரின் தலைமைக் கமிஷனர். 1831இல் பறித்த ஆட்சியை அவர்கள் திருப்பித் தந்தது 1881இல்தான்.

விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரிகளுக்குப் பொன்னில் நம்பிக்கை இல்லை. புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது; நிலக்கரி வேண்டுமானால் தேடிக்கொள் என்றனர். லாவெல் விடவில்லை. கிடைத்தால் அரசாங்கத்திற்குப் பெரும் ஆதாயம். கிடைக்காவிட்டால் அரசாங்கத்திற்கு நட்டமில்லை. தோண்டும் உரிமை ஒன்றே எனக்குப் போதும் என்ற பொருள்பட அவர் வாதாடினார். இறுதியில், 1875ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இருபது ஆண்டுக்கான உரிமம் கிடைத்தது. நிலக்கரியைத் தேடச் சொன்ன அந்த அதிகாரிகளை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்களையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. பொன் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தவர்களும் ஏமாற்றியவர்களுமாகவே அந்நாளில் இருந்தனர்.

அதே ஆண்டில் உரிகத்திற்கு அருகே லாவெல் முதற் குழியை இறக்கினார். மண்வெட்டியும் கடப்பாரையும் உள்ளவரைக்கும் பொன்வேட்டைக்காரன் தனி ஆளாய் நிற்கலாம். ஆற்று மணலில் பொன்னை அலசி எடுப்பதற்கு ஒரு தட்டும் இரண்டு கையும் போதும். கலிபோர்னியாவிலும் ஒட்டாகோவிலும் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. கோலாரில் பொன் மணலில் இல்லை. கடினமான வெண்கற்பாறையின் நரம்புகளுக்குள் புதைந்து, கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அதை எடுக்க வெடிமருந்து வேண்டும், நீரிறைக்கும் எந்திரம் வேண்டும், கல்லை நொறுக்கும் ஆலை வேண்டும். அதற்கெல்லாம் பணம் வேண்டும். ஓய்வு பெற்ற சிப்பாயிடம் அது ஏது? கடன் ஏறியது. 1877இல், பெரெஸ்போர்டு என்ற படைத்தலைவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தம் உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டு லாவெல் ஒதுங்கினார். பொன்னின் கதையில் அவருடைய பங்கு அத்துடன் முடிந்தது. குழி தோண்டியது இரண்டே ஆண்டு.

இதே வேளையில் நீலகிரியை ஒட்டிய வயநாட்டுப் பகுதியில் இன்னொரு பொன்வேட்டை நடந்தது. கேரளத்தில் வாழும் அன்பர்கள் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். பணியரும் குறும்பரும் காலங்காலமாய் மண்ணை அலசிப் பொன் எடுத்துவந்த இடம். ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்து ஆராயச் செய்தனர். அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. அவ்வளவுதான்! 1879 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இலண்டனில் முளைத்தன. அவற்றின் மூலதனமாகக் காகிதத்தில் காட்டிய தொகை நாற்பது இலட்சம் பவுனுக்கு மேல். தேவாலாவிலும் பந்தலூரிலும் காப்பித் தோட்டத்தைக்கூடத் தங்கவயல் என்று விலை பேசினர். ஆலைகளைக் காடு மலை ஏற்றிக் கொண்டுபோய்க் கல்லை இடித்துப் பார்த்தபோது, செலவுக்குக்கூடப் பொன் தேறவில்லை. பங்கு வாங்கியவர்கள் தலையில் கையை வைத்தனர். எந்திரங்கள் காட்டில் துருவேறின.

கோலாரும் அப்படித்தான் முடிந்திருக்கும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி என்ற இங்கிலாந்து நாட்டுச் சுரங்க நிர்வாகிகள் வந்து சேர்ந்தனர். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கொட்டிய பணமும் வீணாயிற்று. கைப்பணம் கரையும் தறுவாயில், 1880களின் நடுவில், மாரிகுப்பத்துப் பழைய குழிகளுக்குக் கீழேயே தோண்டிப் பார்த்தபோது 'சாம்பியன்' என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற பொன்னரம்பு தட்டுப்பட்டது. வாரன் கண்ட அந்த ஏழைகள் எந்த இடத்தில் வெட்டினார்களோ, அந்த இடத்திற்கே நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டு அறிவும் வந்து சேர்ந்தது!

இனித்தான் நம்மவர்கள் வருகிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். இலட்சக்கணக்கானோர் மாண்ட அப்பஞ்சத்தின் வடு ஆறுமுன்னே கோலாரில் ஆள் தேவைப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மேஸ்திரிகள் ஆள் திரட்டினர். நிலமில்லாதவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் குடும்பத்தோடு புறப்பட்டனர். அயர்லாந்துக்காரன் எதனால் கப்பலேறினானோ, அதனால்தான் இவர்களும் வண்டியேறினர். வேற்றுமை ஒன்று உண்டு: அவன் அரசாங்கத்தோடு வாதாடி உரிமம் கேட்கும் நிலையில் இருந்தான், இவர்களுக்குக் கிடைத்தது தட்டி அடைத்த லைன் வீடு.

அங்கே அவர்கள் செய்த வேலையை எண்ணினால் நெஞ்சு நடுங்கும். ஆண்டுக்கு ஆண்டு சுரங்கம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. முடிவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்காற்றைச் செலுத்தினாலன்றி மனிதன் நிற்க இயலாது. மேலிருக்கும் மலையின் பாரத்தால் அழுந்திய பாறை முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறும். அதைத் தொழிலாளர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். வெடிக்குத் தப்பியவர்களைக் கல்தூசி விடவில்லை. அது நுரையீரலில் படிந்து, மூச்சு முட்டி, நடுவயதிலேயே சாய்த்தது. இத்தனைக்கும் ஒரு டன் பாறையை இடித்தால் தேறுவது சில கிராம் பொன். அந்தச் சில கிராமையும் தொழிலாளி திருடிவிடுவான் என்று, கனிமக் கல்லைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கச் சட்டம் செய்தனர். 1930இல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை பதிய வேண்டும் என்றபோது அவர்கள் பொறுக்கவில்லை. நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலையை நிறுத்தினர். ஆயிரக்கணக்கானோர் நடத்திய அவ்வேலைநிறுத்தம் பெயர் பெற்றது.

சுரங்கம் உடலை வாங்கிக்கொண்டாலும் ஒன்றைத் தந்தது என்று சொல்லவேண்டும். ஊரில் தலைநிமிர முடியாதவர்கள் அங்கே கூலியைக் காசாய் வாங்கினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. பண்டிதர் சென்னையில் நடத்திய 'தமிழன்' பத்திரிகை 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. நிலத்தின் கீழே எட்டு மணி நேரம் வெந்துவிட்டு மேலே வந்தவர்கள் புத்தகம் படித்தார்கள், கூட்டம் கூடி வாதம் செய்தார்கள். வெளிமாநிலத்தில் தமிழ்ச் சங்கம் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இந்த முன்னோரைத் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது.

மின்விளக்கின் கதையும் ஒன்று உண்டு. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தனர். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. பெங்களூருக்கு அந்த மின்சாரம் எட்டியது 1905இல்தான். சுரங்கத்து எந்திரங்கள் மின்சாரத்தில் சுழன்ற அக்காலத்தில் லைன் வீடுகளில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

நாடு விடுதலை பெற்றபின், 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய அரசாங்கத்திடம் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்தது. 1965இல் அந்த ஆழத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் பிற நாட்டாரோடு சேர்ந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். ஆனால் பொன் குறைந்தது, செலவு ஏறியது. ஏறக்குறைய எண்ணூறு டன் பொன்னைத் தந்துவிட்டு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் குன்றுகளாய் நின்றன. சுற்றியிருந்த மக்கள் விடியுமுன் எழுந்து மாரிகுப்பத்து ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போகத் தொடங்கினர். லாவெல் மாட்டுவண்டியில் வந்த வழியாகத் திரும்பிப் போனார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வளவையும் விழிஞ்ஞத்துக் கடையில் நாம் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் துரை எத்தனை அடி தோண்டினார், ஐயா?" என்று கேட்டார். அதிக ஆழம் போயிருக்கமுடியாது, பணம் இல்லை என்றோம்.

"எங்க அப்பா ஒன்பதாயிரம் அடியில வேலை பார்த்தார்" என்றார் அவர். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. ஊரின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். பதினான்கு ஆண்டு அந்தத் தெருவில் விழித்திருந்தும், பெயர்ப்பலகையை ஒருநாள்கூட நின்று படித்ததில்லையாம்.

மகன் வேலை முடிந்து வரும் நேரமாயிற்று என்று எழுந்துகொண்டார். துறைமுகத்தில் பெரிய கப்பலொன்று நின்றிருந்தது. பாரந்தூக்கிகள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன. விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. "இதுல நாலு விளக்கு என் மகன் போட்டது" என்று காட்டினார். எந்த நான்கு என்று நமக்குத் தெரியவில்லை. அவர் விரல் காட்டிய திசையில் நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.